கிராமக் கணக்கும் இளைஞர் கடமையும்

சரித்திரம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் உள்ளத்தில் தோன்றுவன அரசர்தம் படையெடுப்புகளும், கோயிற் கல்வெட்டுகளும், குலப் பெருமை கூறும் செப்பேடுகளுமேயாம். நம் சங்கத்தின் மாதப் பத்திரிகையிலும் இத்தகைய கட்டுரைகளே மிகுதியாக வெளிவந்திருக்கின்றன. அவை வேண்டா என்பது எம் கருத்தன்று. ஆயினும், ஒரு சமூகத்தின் சரித்திரம் அதன் முன்னோர் பெற்ற பட்டங்களோடு முடிந்துவிடுவதில்லை. எத்தனை குடும்பங்கள் கடனில் மூழ்கின, எத்தனை கிணறுகள் தூர்ந்தன, கூலி ஏறிற்றா இறங்கிற்றா, பெண்மக்கள் எத்தனை பேர் எழுத்தறிந்தனர் என்பனவும் சரித்திரமே. அச்சரித்திரத்தைக் கல்லூரி மாணாக்கரே முன்னின்று எழுதிய செய்தி ஒன்று நம் நாட்டில் உண்டு. அதனை நேயர்கட்கு, சிறப்பாக இளைஞர்கட்கு, எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர் 1915-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு வந்து, சென்னைச் சர்வகலாசாலையின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக அமர்ந்தார். அதற்கு முன்னர் அவர், தொழிலாளர் கல்வியின் பொருட்டு ஆக்ஸ்போர்டில் நிறுவப்பெற்ற ரஸ்கின் கல்லூரியின் தலைவராயிருந்தவர். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியார் உடைமையாகிய வரலாற்றை ஆராய்ந்து 1907-இல் நூல் எழுதியவர். ஆகலின், உழவன் நிலை யாது என்று வினவும் பழக்கம் அவருக்குப் புதிதன்று. நகரமின்றிக் கிராமம் வாழக் கூடும், கிராமமின்றி நகரம் வாழாது, ஆதலின் இந்நாட்டுப் பொருள்நிலையை அறிய விழைவோர் கிராமத்திலிருந்தே தொடங்கல் வேண்டும் என்பது அவர் துணிபு.

இத்துணிபைச் செயற்படுத்த அவர் கொண்ட வழி மிக எளிது. மக்கட்டொகை, நிலம், பயிர், கால்நடை, கைத்தொழில், கூலி, கடன் முதலியன பற்றிய வினாக்களை வகுத்து மாணாக்கரிடம் கொடுத்தார். அவர்கள் விடுமுறையில் தத்தம் ஊர் சென்று, விசாரித்து, விடை எழுதிக்கொணர்ந்தனர். அவ்வாறு 1916-ஆம் ஆண்டளவில் திரட்டப்பட்ட செய்திகள் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக 1918-இல் வெளிவந்தன. இக்காலத்து விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, திருவண்ணாமலை மாவட்டத்துத் தூசி, நாகப்பட்டினம் மாவட்டத்துப் பாலக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டான், விருதுநகர் மாவட்டத்து வடமலாபுரம் ஆகியன அந்நூலிற் கண்ட தமிழ்நாட்டு ஊர்களுள் அடங்கும். பேராசிரியர் வழிகாட்டினார், ஊர் ஊராகச் சென்று கேட்டவர்களோ நம் இளைஞர்கள்.

அந்நூலிற் கண்ட செய்திகளுள் ஒன்றைமட்டும் ஈண்டுக் கூறுதும். இருவேல்பட்டில் படியாள் என்னும் ஒரு வகைத் தொழிலாளர் இருந்தனர். திருமணம் முதலிய செலவுகளுக்காக நிலக்கிழாரிடம் சிறு தொகையைக் கடனாகப் பெற்ற ஏழை, அது தீருமளவும் அவர் நிலத்திலேயே உழைக்கக் கடமைப்படுவான். கடனோ தீர்வதில்லை. தந்தை பட்ட கடன் மகன் தலையில் இறங்கும். நிலம் கைமாறினால் படியாளும் உடன் கைமாறுவான். ஊரார் யாவரும் நாள்தோறும் கண்டது இது. கண்டு பழகியமையால் ஒருவரும் இதனை ஒரு செய்தியாகக் கருதியிலர். வினாத்தாளைக் கையிற்கொண்டு ஒருவர் கேட்டு எழுதிய பின்னரன்றோ அது உலகறிந்த உண்மையாயிற்று!

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அந்நாளில் கல்லூரி வாயிலை மிதித்தோருள் பெரும்பாலோர் நிலமும் செல்வமும் உடைய குடும்பத்தினர். தம் வீட்டுக் களத்தில் நெல் அளந்தவனிடம் சென்று, உன் கூலி எத்துணை, உன் கடன் யாருக்கு என்று கேட்பது எளிதன்று. அவ்விடையை மறையாது எழுதுவது அதனினும் அரிது. தன் குடும்பத்தாரும் உறவினரும் மனங்கோணுவர் என்று அஞ்சியிருப்பின் அவ்வேடு வெறுமையாகவே இருந்திருக்கும்.

அதே காலத்தில் பல குலத்தாரின் சங்கங்கள் செய்துகொண்டிருந்தது யாது? 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சாதிகளை வரிசைப்படுத்தும் முயற்சி எழுந்தது முதல், எம் குலத்தை இன்ன பெயரால் எழுதுக, இன்ன வரிசையில் வைக்க என்று அரசாங்கத்துக்கு விண்ணப்பங்கள் குவியலாயின. மதிப்பிழந்து கிடந்தோர் மதிப்பை வேண்டியது குற்றமன்று. ஆனால், ஏட்டிற் பெயர் உயர்ந்த அளவில் அடுப்பில் உலை ஏறிவிட்டதா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் முதுமொழி இதற்கு முற்றும் பொருந்தும். ஒருபுறம் நம் பெரியோர் பெயருக்கு வாதாடினர். மற்றொருபுறம் சில மாணாக்கர் கிணற்றையும் கடனையும் எண்ணினர். எது நின்று பயன் தந்தது என்பதைக் காலம் காட்டிவிட்டது.

எவ்வாறெனில், 1918-இல் வெளிவந்த அந்நூல் பின்வந்தோர்க்கு அளவுகோலாயிற்று. 1936-37-இல் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராயச் செய்து, 1940-இல் மறு ஆய்வு நூலை வெளியிட்டனர். இரண்டுக்கும் இடையே உலகப் போரின் விலையேற்றமும், 1929-க்குப் பின் நேர்ந்த விலைவீழ்ச்சியும் வந்துபோயின. முதற் கணக்கு இல்லையேல் அவற்றின் விளைவை அவ்வூர்களில் அளந்தறிதல் இயலாது. 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் அம்மையார் சில ஊர்களை மறுபடியும் கண்டார். இருவேல்பட்டை 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரும் ஆராய்ந்தனர். பழைய படியாள் முறை மறைந்ததும், நிலக்கிழாரின் ஆதிக்கம் தளர்ந்ததும், உழைப்போர் வயலுக்கு வெளியேயும் வேலை தேடிக்கொண்டதும் இவ்வாய்வுகளால் விளங்கின. கொத்தடிமையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் பிறந்தது. ஒரு சட்டத்தால் நாட்டில் யாது மாறிற்று என்று அறியவும் முன்னிருந்த நிலையை எழுதிவைத்தோர் வேண்டும் அன்றோ?

வடக்கேயும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியடிகளின் குஜராத் வித்யாபீட மாணாக்கரை உடன்கொண்டு, 1929-30-இல் கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவின் 50-க்கு மேற்பட்ட கிராமங்களை ஆராய்ந்தார். படித்த இளைஞர் ஊராருடன் தங்கி அவர்தம் வரவு செலவை அறிந்தமையால், வறுமை என்னும் பொதுச்சொல் எண்ணும் அளவுமுடைய உண்மையாயிற்று.

இனி நம் கடமையை நோக்குவோம். நம் சங்கம் அவ்வப்போது அரசாங்கத்துக்கு விண்ணப்பம் விடுக்கிறது. நம் சமூகத்தாருட் பெரும்பாலோர் ஏழைகள், கல்வியிற் பின்தங்கியவர்கள் என்று எழுதுகிறோம். எத்தனை பேர், எவ்வூரில், எவ்வகையில் என்று ஒருவர் கேட்பின் நம்மிடம் விடையுண்டா? நாட்டுக் குடிக்கணக்கில் மீண்டும் சாதியைக் கேட்பதென்று மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில் முடிவு செய்தது. நாமும் பழையபடி பெயருக்கும் வரிசைக்குமே வாதாடப் போகிறோமா என்பதே இப்பொழுது நம் முன் நிற்கும் கேள்வி.

ஆகலின் யாம் வேண்டுவது இது. ஒவ்வொரு கிளைச் சங்கமும் கல்லூரி மாணவ மாணவியர் சிலரை அழைத்து, வரும் விடுமுறையில் ஒரேயொரு கிராமத்தை ஆராயச் செய்க. நம்மவர் தெருவோடு நில்லாமல் ஊர் முழுவதையும் கேட்க. நம்மவர் கூலி கொடுக்கும் இடத்தில், கூலி பெறுவோர் சொல்லையும் குறைக்காமல் எழுதுக. வீட்டுத் தலைவனோடு அமையாது, பெண்டிரிடமும் தனியே வினவுக. விடை சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தற்க; சொன்னவர் பெயரை வெளியிடற்க. எழுதியதை முதலில் அவ்வூர் மக்கள் நடுவிலேயே படித்துக் காட்டுக. தவறு இருப்பின் அவர்களே திருத்துவர். தம்மைப்பற்றி எழுதப்பட்டதைத் தாமே கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அதில் நமக்குப் பெருமை தராத செய்தியும் வரக்கூடும். வரட்டும். இருவேல்பட்டின் படியாளை எழுதியதனால் அவ்வூருக்கு இழுக்கு நேர்ந்ததில்லை. எழுதப்படாதிருந்தால் இன்று அவன் வாழ்ந்த சுவடே தெரியாது. இளைஞர்காள்! முன்னோர் பெருமையை உங்களுக்குச் சொல்லப் பலர் இருக்கின்றனர். உங்கள் காலத்து உண்மையை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எழுதிவைக்க உங்களையன்றி வேறு யார் உளர்?