மனோ சிகிச்சையில் செவிலியரின் ஸ்தானம்: கங்காதர நெல்லூரை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

ஆந்திரத்துக் கங்காதர நெல்லூர் மண்டலத்துக் கிராமம் ஒன்றில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால், மந்திரிப்பதிலும் தாயத்துக் கட்டுவதிலும் சில காலம் கழிந்த பின்னர், அக்குடும்பம் சித்தூருக்கோ, திருப்பதி ரூயா ஆஸ்பத்திரிக்கோ, எல்லை கடந்து வேலூரை அடுத்த பாகாயத்துக்கோ பஸ் ஏறுகிறது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வாழும் இப்பிரதேசத்து ஜனங்களுக்கு, 1953இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது உண்டான எல்லைக்கோடு நோய்க்காலத்தில் ஒரு பொருட்டன்று. முதல் வைத்தியம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. உக்கிரம் தணிந்து நோயாளி ஊர் திரும்பிய பிறகு, வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டிய அந்த நீண்ட காலத்தில்தான் கேட்பாரற்றுப் போகிறார். அக்காலத்துக்கு உரிய சிகிச்சகர், தக்க பயிற்சியும் வரையறுத்த அதிகாரமும் பெற்ற மனநலச் செவிலியரே என்பது என் துணிபு.

இக்கருத்து புதியதன்று. ஹில்டெகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர், நோயாளிக்கும் செவிலிக்கும் இடையே வளரும் உறவே ஒரு சிகிச்சைக் கருவி என்பதை 1952இல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டி, அடுத்த சில ஆண்டுகளில் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் மனநலச் செவிலியருக்கென முதுகலைப் படிப்பையும் தொடங்கினார். அவ்வழி வளர்ந்த ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ இன்று அங்கே நோயை நிதானித்து, மருந்தும் எழுதி, பேச்சு வழியாகவும் ஆற்றுகிறார். முழுமையான சிகிச்சை வேண்டுவோர் பலர் அவரை நாடுகின்றனர். முழுமை என்ற சொல்லை யோகத்தோடும் மூலிகையோடும் நிறுத்திக்கொள்வோர் உண்டு. எனக்கு அது போதியதாகத் தோன்றவில்லை. நோயாளியின் ரத்தம், உறக்கம், கூலி, அடுப்பு ஆகிய அனைத்தையும் ஒருவரே ஒருங்கே அறிந்திருப்பதையே முழுமை என்று கொள்கிறேன்.

லித்தியம் என்ற மருந்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மனவெழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்கு அது அருமருந்து. ஆயின், பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. மாங்காய்ப் பருவத்து வெயிலில் தோப்பில் கூடை சுமந்து வியர்த்து, போதிய தண்ணீர் குடியாமல், ரத்தக்கொதிப்புக்கென யாரோ சொன்னதைக் கேட்டு உப்பையும் குறைத்து, முழங்கால் வலிக்கு மெடிக்கல் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்கும் ஒரு பெண்மணிக்கு, மாத்திரையின் அளவு சிறிதும் மாறாமலே ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடக்கூடும். மூன்று மாதத்துக்கொரு முறை சில நிமிஷங்கள் காணும் டாக்டருக்கு இவற்றையெல்லாம் யார் சொல்வர்? கையில் நடுக்கம் கூடியிருப்பதையும் நடை தள்ளாடுவதையும் வாசற்படியிலேயே கண்டு, “என்னம்மா, காலுக்கு ஏதாச்சும் மாத்திரை வாங்கிப் போட்டியா? பேதி ஆகுதா?” என்று வினவும் செவிலியரே அந்த ஆபத்தை முதலில் அறிவார்.

பாகாயத்தில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நிறுவிய மனநல மையம், வீட்டாரையும் சிகிச்சையோடு இணைப்பதில் நமக்கு ஒரு முன்னோடி. நோயாளியைச் சுவருக்குள் விட்டுவிட்டு உறவினர் திரும்பிவிடும் வழக்கத்துக்கு மாறாக, குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறையை அது 1950களிலேயே கைக்கொண்டது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் பிணிக்கப்பட்ட மனநோயாளிகள் தீயில் மாண்ட கொடுமையை நினைக்குந்தோறும், இம்முறையின் மேன்மை எனக்கு இரு மடங்காகத் தோன்றுகிறது. எனினும், உடன் தங்கும் தாய்க்கோ மனைவிக்கோ அத்தனை நாள் கூலியும் நஷ்டம், வீட்டுப் பசுவுக்குப் புல் போடவும் ஆள் இல்லை. குடும்பம் ஆஸ்பத்திரிக்கு வந்தது போல, ஆஸ்பத்திரியும் குடும்பத்தை நாடிப் போக வேண்டாமா?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளி நெடுந்தூரம் அலைய நேராதபடி இருப்பிடத்துக்கு அருகிலேயே சேவை கிடைக்க வேண்டும் என்கிறது. மனநலச் செவிலியரை வரையறுத்து, மாநில ஆணையத்தில் பதிவு செய்யவும் பணிக்கிறது. ஆனால் சுயமாக மருந்தெழுதும் அதிகாரத்தை அவருக்கு அளிக்கவில்லை. இங்கே டாக்டர்கள் எழுப்பும் ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யேன்: தைராய்டுக் கோளாறும், மூளையில் கட்டியும், வலிப்பும் பைத்தியத்தின் வேஷம் பூண்டு வரக்கூடும், முதல் நிர்ணயம் டாக்டருடையதாகவே இருக்கட்டும். ஆனால், நிர்ணயமான நோய்க்கு, நிலைபெற்ற அளவில், அதே மாத்திரையைத் தொடர்ந்து அளிப்பதும், அபாயக் குறி கண்டவுடன் நிறுத்திவைத்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதும் வேறு விஷயம். ஆந்திரத்துக் கிராமச் சுகாதார மையங்களில், நர்ஸிங் பட்டம் பெற்றுச் சமூக சுகாதாரத்திலும் பயிற்சி முடித்தவர்கள், சர்க்கரை நோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் இதே முறையில் மருந்து வழங்கி வருகின்றனர். இந்நியாயம் உடலோடு நின்று, மனத்துக்கு மட்டும் மறுக்கப்படுவதற்கு எந்தச் சாஸ்திரமும் ஆதாரமாகாது.

இன்றைய நிலையிலோ, காலியான மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, எட்டும் தூரத்திலுள்ள மையத்துக்கு வந்து நிற்கும் தாய்க்கு, அவள் மகனின் நோயையும் மருந்தின் பெயரையும் அளவையும் நன்கறிந்த நர்ஸம்மா, மறுபடியும் வேலூருக்கு பஸ் ஏறும்படியே சொல்ல வேண்டியிருக்கிறது.