புரை நீங்கிய கண்ணும் கூசும் ஒளியும்

புரையை ஊசியால் பார்வைப் பாதையினின்றும் ஒதுக்கித் தள்ளும் முறை சுச்ருத சம்ஹிதையின் காலந்தொட்டு நம் தேசத்தில் வழங்கி வந்ததெனினும், புரைபட்ட வில்லையையே வெளியே எடுக்கும் சஸ்திர சிகிச்சை, பிரெஞ்சு வைத்தியர் ழாக் தவியேல் 1747-இல் அதைச் செய்து காட்டிய பின்னரே விருத்தியடையலாயிற்று.

ஆயினும், பார்வை மீண்டவர்களுக்கு வேறு சோதனைகள் நேர்ந்தன. இயற்கை வில்லை புறஊதாக் கதிர்களையும், மூப்பில் மஞ்சள் படிந்தபின் நீல ஒளியில் ஒரு பகுதியையும் தடுத்து வந்ததாகையால், அது நீங்கியதும் பகலொளி கண்ணைக் கூசச் செய்ததோடு, கண்ட பொருள்களும் நீலம் பாய்ந்தனவாகத் தோன்றின. 1923-இல் வலக்கண்ணில் சிகிச்சை பெற்ற ஓவியர் குளோட் மோனே, வர்ணங்கள் பிறழ்ந்து தெரிவதாக வருந்திச் சாயமேற்றிய கண்ணாடிகளை நாடியது கலையுலகம் அறிந்த சரித்திரம். வில்லைக்குப் பிரதியாக அணிந்த பருத்த மூக்குக் கண்ணாடியோ, பொருள்களைச் சுமார் கால் பங்கு பெரிதாக்கி அருகில் இருப்பனபோல் காட்டிற்று. தம்ளரை எடுக்க நீட்டிய கை பாதியிலேயே நின்றது. படியிறங்கும் கால் தடுமாறிற்று.

போர் விமானிகளின் கண்ணில் தைத்த அக்ரிலிக் சிதறல்கள் தீங்கிழைக்காதிருந்ததைக் கவனித்த ஆங்கிலேயக் கண் வைத்தியர் ஹெரால்ட் ரிட்லி, 1949 நவம்பரில் லண்டனில் அவ்வகைப் பொருளாலான வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தியதே பருத்த கண்ணாடியால் நேர்ந்த இவ்வல்லலுக்குப் பரிகாரமாயிற்று. 1992 முதல் மதுரை ஆரோலாப் தொழிற்சாலையில் அவ்வில்லை மலிவாக உற்பத்தியாகவே, ஏழைகளுக்கும் எட்டியது.

உள்வில்லை பெற்றோருக்கும் இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுவதுண்டு; பலருக்கு அது சில மாதங்களில் அடங்கிவிடுகிறது. அதுகாறும், அக்காலக் கண் சிகிச்சை முகாம்களின் பச்சைத் துணி மறைப்புக்கு வாரிசாக வந்த கறுப்புக் கண்ணாடி பகலொளியின் கூச்சத்துக்கு உதவும். அடங்காவிடில் வைத்தியரிடம் மீண்டும் பரிசோதித்துக்கொள்வதே விவேகம்.