சரக்கேற்றும் மரத்தட்டு

பொதிகளை அடுக்கித் தூக்குவண்டியால் எடுத்தற்கேற்ற மரத்தட்டுக்கும் வரலாறு உண்டென்றால் நகைப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் அதனைப் பெருவாரியாகக் கையாண்டனர். ஆயினும், நாட்டுக்கு நாடு தட்டின் அளவு வேறுபடின் எல்லையிற் சரக்கை இறக்கி மீண்டும் அடுக்கவேண்டும். அவ்வேலை கூலியாளின் முதுகிலன்றோ விழும்! இதனைத் தவிர்க்கும் ஓரளவுத் தட்டொன்றைச் சர்வதேசப் புகையிரத ஒன்றியம் 1961இல் ஐரோப்பாவுக்கென வகுத்தது. நீளம் 1200, அகலம் 800 மில்லிமீற்றர். அறுத்த மரத்தின் 11 பலகைகளையும் 9 கட்டைகளையும் 78 ஆணிகள் பிணைக்கின்றன. ஆணியின் தொகையையுமா விதிப்பது? ஆம், முன்பின் அறியாதவர் செய்த தட்டை வேறெங்ஙனம் நம்பி ஏற்பது? சரக்கோடு தட்டைக் கொடுத்தவர், ஈடாக வெறுந்தட்டொன்றைப் பெற்று மீளுவர். அது தாம் கொடுத்த தட்டாகவே இருக்கவேண்டியதில்லை.