கழிக்க மட்டுமே தெரிந்த கருவி

சில காலத்துக்கு முன்னர் ரொறொன்ரோவில் எனது தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். அவனுடைய மகன் நண்பர்களுடன் சேர்ந்து கிற்றார் வாசிப்பவன். நிகழ்ச்சிக்கு இரண்டு நாட்களே இருந்த ஒரு மாலையில், புதிதாக வாங்கிய ட்ரெமலோ பெடலுடன் என்னிடம் வந்தான்.

"பெரியப்பா, இதை மிதிச்ச உடன கிற்றார் ட்ரம்ஸுக்குப் பின்னால போயிடுது. ஆனா மீற்றரில உச்சம் குறையேல்லை. திருப்பிக் குடுக்கப் போறன்."

எண்களை நம்பியே பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவன் நான். மீற்றர் குறையவில்லை என்றால் உன் காதுதான் ஏமாறுகிறது என்று சொல்லிவிட்டேன். அது என் தவறு. அந்தக் குற்ற உணர்வே இக்கருவியின் வரலாற்றைத் தேட வைத்தது.

ட்ரெமலோ என்பது ஒலியின் அளவைச் சீராக ஏற்றி இறக்குவது. சுருதியை அசைப்பது வைப்ராட்டோ. 1954 இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றாரில் சுருதியை அசைக்கும் நெம்புகோலுக்கு லியோ ஃபெண்டர் நிறுவனத்தார் ட்ரெமலோ என்று பெயரிட்டனர். பின்னர், ஒலியளவை அசைக்கும் தமது ஒலிபெருக்கிகளில் வைப்ராட்டோ என்று எழுதினர். தலைகீழான இந்தப் பெயர்கள் இன்றும் மாறவில்லை. ஒரு செய்தியாசிரியர் அங்கே இருந்திருக்கலாம்!

கிற்றாருக்கென 1940களில் பரவிய தனிக் கருவி, ஒகாயோ மாநிலத்தின் டொலிடோ நகரிலிருந்து வந்த டிஆர்மண்ட் ட்ரெமலோ. அதன் உட்புறம் வேடிக்கையானது. மின்மோட்டார் ஒன்று சிறு குப்பியை இடையறாது ஆட்டும். குப்பிக்குள் மின்னைக் கடத்தும் திரவம். அது அலம்பித் தொடுமுனையைத் தொடும்போதெல்லாம் கிற்றாரின் சமிக்ஞையில் ஒரு பகுதி புவித்தொடுப்புக்கு ஓடிவிடும். விலகும்போது ஒலி மீளும். ஒலியைப் பெருக்கும் உறுப்பு எதுவும் அதில் இல்லை. கழிக்கத்தான் முடியும், கூட்ட முடியாது.

போ டிட்லி 1955 இல் தன் பெயரையே தலைப்பாகக் கொண்டு சிக்காகோவின் செக்கர் நிறுவனத்துக்குப் பதிவு செய்த பாடலில் அந்தத் துடிப்பைக் கேட்கலாம். அங்கே ஒலி குறைந்ததாக எவருக்கும் தோன்றாது. துடிப்பு பாடல் முழுவதும் ஓடுவதால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஒலி இல்லை. காலால் மிதித்து நடுவில் நுழைக்கும் பெடல் வந்த பின்னரே முன்னும் பின்னும் அருகருகே நின்று முறைப்பாடு செய்தன.

கணக்கைப் பார்ப்போம். பெடல் ஒலியை முழு அளவுக்கும் பூச்சியத்துக்கும் இடையில் மென்மையான அலையாக அசைக்கிறது என்று கொண்டால், சராசரி வலு எட்டில் மூன்று பங்காகிவிடும். அதாவது 4 டெசிபெல்லுக்குச் சற்று மேலான இழப்பு. 10 டெசிபெல் குறைந்தால் சத்தம் பாதியானதாகக் காது உணரும் என்பது ஒலியியலாரின் பொது அளவுகோல். அதன்படி கிற்றார் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்ததாகத் தோன்றும். உச்சமோ அசையாமல் நிற்கும். பையனின் மீற்றர் அந்த உச்சத்தையே காட்டியது.

வானொலிக்காரர்கள் இதனை முன்பே அறிந்திருந்தனர். 1939 இல் அமெரிக்காவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வி.யூ. மீற்றரின் முள், தன் இடத்தை அடைய 300 மில்லிசெக்கன் எடுக்கும்படி வேண்டுமென்றே மந்தமாக்கப்பட்டது. காதும் அவ்வாறே, கணத்தை அல்ல, செக்கனில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு நேரத்தைச் சேர்த்தே சத்தத்தை மதிப்பிடுகிறது. ஆகவே மெதுவான துடிப்பில் ஒவ்வொரு உச்சமும் தனியே கேட்கும். வேகம் கூடக் கூட உச்சமும் பள்ளமும் கலந்து சராசரியே மிஞ்சும்.

இதனால்தான் இழப்பை ஈடுசெய்ய நிலையான ஓர் அளவைத் தொழிற்சாலையில் பொருத்திவிட முடியாது. வேகமும் ஆழமும் மாறும்போது தேவையும் மாறும். பின்னாளில் பலர் பெடலின் முகப்பிலேயே ஒலியளவுக் குமிழ் வைத்தது நியாயமான தீர்வு. அது இல்லாமல் விற்பவர்கள் செலவை மிச்சப்படுத்தி வேலையை வாங்குபவன் தலையில் கட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பையனின் பெடலில் குமிழ் இல்லை. அடித்தட்டைக் கழற்றியபோது உள்ளே சிறிய திருகு ஒன்று இருந்தது. அவன் மீற்றரை அணைத்துவிட்டு வாசித்தான். நான் அடுத்த அறையில் கதவை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தேன். எப்போது மிதிக்கிறான் என்பது எனக்குத் தெரியாது.

"இப்ப எப்பிடி, பெரியப்பா?"

"இன்னும் கொஞ்சம் கூட்டு" என்றேன்.