மேற்கு ஆப்பிரிக்கப் பாணர்கள்: கலையின் உயர்வும் பிறப்பின் இழிவும்

ஒரு நாட்டின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டுமே வாழ்வதன்று. அது மனிதரின் நாவில் வாழ்கிறது. யாழின் நரம்பிலும் முழவின் தோலிலும் வாழ்கிறது. ஆப்பிரிக்கச் சமுதாயங்கள் பலவற்றில் இசையும் ஆடலுமே ஏடாகவும் எழுத்தாணியாகவும் விளங்கின. இதனை உணராத ஐரோப்பிய அறிஞர் சிலர், ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை என்று எழுதிச் சென்றனர். அக்கூற்றைப் பொய்யாக்கி நிற்பவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் பாணர்கள். ஆயின் அவர்களுடைய வாழ்வில் மற்றோர் உண்மையும் பொதிந்து கிடக்கிறது. நாட்டின் நினைவைக் காத்த அப்பாணர்களே பிறப்பினால் தாழ்ந்தவராக வைக்கப்பட்டனர். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாலி, கினி, செனகல், காம்பியா ஆகிய நாடுகளில் பரவி வாழும் மாண்டே மக்கள் தம் பாணரை ‘ஜெலி’ என்பர். செனகலின் வோலோஃப் மக்கள் ‘கெவெல்’ என்பர். ‘கிரியோ’ என்பது ஐரோப்பியர் வழியாக உலகெங்கும் பரவிய பொதுப்பெயர். பாண்தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கும், தாயிடமிருந்து மகளுக்கும் வருவது. குயாத்தே, ஜபாத்தே, சிசோக்கோ முதலிய குடிப்பெயர்களைக் கேட்ட அளவிலேயே அவர் பாணர் மரபினர் என்பது அங்கே விளங்கிவிடும். மன்னர்தம் கால்வழியை மனப்பாடமாக உரைத்தல், போர்களையும் உடன்படிக்கைகளையும் பாடி நினைவூட்டல், பகைத்த குடும்பங்களிடையே தூது சென்று இணக்கம் செய்தல், மணத்திலும் பெயர்சூட்டு விழாவிலும் முன்நின்று நடத்துதல் ஆகியன அவர்தம் கடமைகள்.

அவர்களுடைய இசைக்கருவிகள் மூன்று சிறப்பானவை. பெரிய சுரைக்குடுக்கையின் பாதியில் மாட்டுத்தோலைப் போர்த்தி, நீண்ட கொம்பு பொருத்தி, இருபத்தொரு நரம்புகள் பூட்டியது ‘கோரா’. இரு கைகளின் கட்டைவிரலும் சுட்டுவிரலுமே அதனை இயக்குகின்றன. மரச்சட்டங்களை வரிசையாக அடுக்கி, அவற்றின் கீழே ஒலி பெருகும்படி சிறு சுரைக்குடுக்கைகளைத் தொங்கவிட்டது ‘பலஃபோன்’. சிறிய மரக்கிண்ணத்தில் தோல் போர்த்திய நரம்புக்கருவி ‘ங்கோனி’. பெண்பாணர் பாடுவதில் தலைசிறந்தவர். இரும்புக் குழலைத் தட்டித் தாளம் காப்பவரும் அவரே.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவியவன் சுந்தியாத்தா. சோசோ நாட்டு மன்னன் சுமாவோரோ காந்தேயைக் கிரினா என்னுமிடத்தில் ஏறத்தாழ 1235இல் அவன் வென்றான் என்பர். அவன் கதை இன்று நமக்குக் கிடைத்திருப்பது பாணர் நாவினால்தான். கினி நாட்டு வரலாற்றறிஞர் ஜிப்ரில் தம்சீர் நியான், ஒரு பாணர் சொல்லக் கேட்டு, 1960இல் அதனைப் பிரெஞ்சு மொழியில் நூலாக்கினார். அக்கதையின்படி, சுமாவோரோவிடம் ஒரு பலஃபோன் இருந்தது. சுந்தியாத்தாவின் பாணனாகிய பல்லா ஃபசேக்கே அதனை மறைவில் வாசித்தான். மன்னனிடம் அகப்பட்டபோது அவனைப் புகழ்ந்து பாடி உயிர் தப்பினான். அக்கருவியே என்று போற்றப்படும் ‘சோசோ பலா’, கினியின் வடபகுதியில் நியாகசோலா என்னும் ஊரில் குயாத்தே குடியினரால் காக்கப்பட்டு வருகிறது. குடியின் மூத்தவரே அதனைக் காப்பவர்; குறித்த விழாக்களில் மட்டுமே அது வாசிக்கப்படும். ஏழு வயது தொடங்கிக் குழந்தைகளுக்குப் பலஃபோன் கற்பிப்பதும் அவர் பொறுப்பே. 2001இல் யுனெஸ்கோ நிறுவனம் இம்மரபினை மனிதகுலத்தின் அரும்பேறுகளுள் ஒன்றாக அறிவித்தது.

பாணர் அரசவையில் பெற்றிருந்த இடத்திற்கு அயல்நாட்டார் சான்றும் உண்டு. மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா 1352இல் மாலியின் தலைநகரை அடைந்து சில திங்கள் தங்கினார். கீழே சுரைக்குடுக்கைகள் கட்டிய கருவியை இசைத்தபடி, மன்னனின் போர்ச்செயல்களைப் பாடிய தூகா என்பவரை அவர் கண்டார். இறகுகளால் ஆன உடையும், செந்நிற அலகு பொருந்திய மரத்தலையும் அணிந்து, பறவை வடிவில் வந்து நின்ற பாவலரையும் கண்டார். அவர்கள் மன்னனை வெறுமனே வாழ்த்திச் செல்லவில்லை. இம்மேடையில் உனக்கு முன்னர் இருந்த மன்னர் இன்ன இன்ன நன்மைகளைச் செய்தனர், உன் பெயரும் நிலைக்க வேண்டுமானால் நீயும் நன்மை செய்க என்னும் கருத்தில் அறிவுரை கூறினர். பேரரசனுக்கு நேர்நின்று அறம் உரைக்கும் உரிமை பாணருக்கு இருந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

இத்துணை உரிமை பெற்றவர் சமுதாயத்தில் எங்கே வைக்கப்பட்டனர்? மாண்டே மக்களிடையே உழவும் ஆட்சியும் உடைய குடியினர் ‘ஹோரோன்’ எனப்பட்டனர். பாணர், கொல்லர், தோல்வினைஞர் ஆகிய பிறப்புவழித் தொழிற்குடியினர் ‘நியாமகலா’ எனப்பட்டனர். அடிமைகள் வேறொரு பிரிவினர். பாணர் அடிமையல்லர், எனினும் ஹோரோன் குடியினரோடு அவர்க்கு மணவுறவு இல்லை. பாணருக்குப் பொருள் கொடுப்பது உயர்குடியினரின் கடமை. ஆனால் பெண் கொடுப்பது இழிவு! அவர் சொல்லுக்கு மறைவான ஆற்றல் உண்டென்று அஞ்சினர். அவ்வச்சமே இகழ்ச்சியாகவும் வடிவெடுத்தது.

செனகலில் இவ்விழிவு இறப்பிற்குப் பின்னும் தொடர்ந்தது. பாணரின் உடலை மண்ணில் புதைத்தால் நிலம் மலடாகும், மழை பொய்க்கும் என்று செரேர் முதலிய மக்கள் நம்பினர். ஆகவே பெருத்த பாவோபாப் மரங்களின் பொந்துகளுக்குள் அவ்வுடல்கள் வைக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் இடைக்காலம் வரையிலும் இவ்வழக்கம் நிலவியது. 1960இல் செனகல் விடுதலை பெற்ற பின்னரே அரசு இதனைத் தடுத்து நிறுத்தியது. மன்னர்தம் முன்னோர் பெயரையெல்லாம் மறவாமல் காத்தவருக்கு ஆறடி மண் மறுக்கப்பட்ட கொடுமையை என்னென்பது! பறையொலியின்றி எந்தச் சடங்கும் நடவாத ஊர்களில், அப்பறையை முழக்கியோர் எங்கே நிறுத்தப்பட்டனர் என்பதை அறிந்த நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இழிவு பாட்டில் இருந்ததா, பாடுவோர் பிறப்பில் இருந்ததா என்னும் வினாவிற்கு ஒரு பாடகரின் வாழ்க்கை விடை தருகிறது. சலீஃப் கெய்த்தா 1949இல் மாலியின் ஜோலிபா என்னும் ஊரில், சுந்தியாத்தாவின் வழித்தோன்றல்கள் எனப்படும் கெய்த்தா குடியில் பிறந்தார். தோல் வெளுத்துப் பிறந்தமையால் இளமையிலேயே புறக்கணிப்புக்கு ஆளானார். ஆசிரியராக விரும்பிய அவருக்குக் கண்பார்வைக் குறை தடையாயிற்று. பின்னர் பமாக்கோ நகரில் பாடித் திரிந்து, 1970இல் புகைவண்டி நிலைய உணவுவிடுதியில் இசைத்த குழுவில் சேர்ந்தார். அரச குடியில் பிறந்தவன் பாணன் தொழிலை ஏற்பதா என்று உறவினர் கொதித்தனர். பாட்டு ஒன்றே, பாணன் பாடினால் கடமை, அரசகுடியினன் பாடினால் மானக்கேடு! இழிவு கலையைச் சார்ந்ததன்று, மனிதர் வகுத்த வேலியைச் சார்ந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அவ்வேலி இருபதாம் நூற்றாண்டில் மெல்லத் தளரலாயிற்று. கினியைச் சேர்ந்த கெய்த்தா ஃபொதேபா 1950களின் தொடக்கத்தில் பாரிசில் ஓர் ஆப்பிரிக்க ஆடற்குழுவை அமைத்தார். 1958இல் கினி விடுதலை பெற்றதும் அக்குழு நாட்டின் தேசிய ஆடற்குழுவாயிற்று. பல குடியினரும் ஒரே மேடையில் ஆடினர். ஊர்ச்சடங்கின் ஆடல் ஒரு நாட்டின் பெருமையாயிற்று.

செனகலில் ‘சபார்’ என்னும் முழவும் ஆடலும் கெவெல் குடியினரின் உடைமை. முழவை ஒரு வெறுங்கையாலும், மறுகையில் பிடித்த மெல்லிய குச்சியாலும் முழக்குவர். பெண்கள் வட்டமாக நிற்க, ஒருத்தி நடுவே பாய்ந்து ஆடுவாள். அவள் அடியை முழவும், முழவின் அடியை அவளும் தொடர்வது கண்கொள்ளாக் காட்சி. இக்கலையை உலகறியச் செய்தவர் தூது ந்தியாய் ரோஸ் (1930–2015). குழாய்ப்பணி செய்து பிழைத்துக்கொண்டே முழவு பயின்ற அவர், பின்னர் தக்கார் நகரக் கலைக்கல்லூரியில் ஆசிரியரானார். ஆண்களுக்கே உரியதாக இருந்த முழவைத் தம் மகளிர்க்கும் மருமகளிர்க்கும் பயிற்றிப் பெண்கள் குழுவொன்றை உருவாக்கினார். 2006இல் யுனெஸ்கோ அவரை வாழும் மனிதச் செல்வம் என்று போற்றியது. தாய்வழியில் பாணர் குடியினரான பாடகர் யூசு ந்தூர் 2012இல் செனகலின் பண்பாட்டு அமைச்சரானார்.

கோராவின் வரலாறும் இதையே காட்டுகிறது. அதன் பெருங்கலைஞராக விளங்கிய தூமானி ஜபாத்தே 2024இல் மறைந்தார். ஆண்மக்களுக்கே கற்பிக்கப்பட்டு வந்த அக்கருவியைக் கையிலெடுத்து உலக மேடைகளில் வாசிப்பவர், காம்பியப் பாணர் குடியில் வந்த சோனா ஜோபார்த்தே என்னும் பெண்மணி. அவர் தம் முன்னோர் நாட்டில் ஒரு பள்ளியையும் நிறுவியுள்ளார். அங்கே சிறுவர் சிறுமியர் பொதுக்கல்வியோடு தம் மரபிசையையும் கற்கின்றனர்.

வேலி முற்றும் வீழ்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. மேடையில் பாணரைக் கைதட்டிப் பாராட்டும் குடும்பங்களுள் சில, மணப்பேச்சு வரும்போது இன்றும் குடிப்பெயரைக் கேட்கின்றன. கலைக்குக் கிடைத்த மதிப்பு கலைஞனின் வீட்டுவாயில் வரை வந்து நின்றுவிடுகிறது. அதனை உள்ளே கொண்டு செல்லும் பணி இன்னும் எஞ்சி நிற்கிறது.

இவ்வரலாற்றைப் படிக்கும் நம் மாணவ மாணவியர் ஒன்றை உளங்கொள்ள வேண்டும். முன்னோர் கையிலிருந்த கருவியை இழிவென்று எறிந்துவிடுவதும் விடுதலையன்று. இப்பிறப்பினர்க்கு இத்தொழிலே என்று அதனைப் பிறர் நம் தலையில் சுமத்த இடங்கொடுப்பதும் விடுதலையன்று. எக்கலையையும் எவரும் விரும்பிக் கற்கலாம், விரும்பாதவர் விட்டு வேறு துறை செல்லலாம் என்னும் நிலையே விடுதலை. கல்விக்கூடத்தின் கதவு அனைவர்க்கும் திறந்திருக்கும் இடத்தில்தான் அந்நிலை கைகூடும்.