சந்தை கலைகிறது, சரக்கு கலையவில்லை
அமெரிக்கத் துப்பாக்கிச் சந்தைகள் குறித்துச் சில குறிப்புகள்

1

அமெரிக்காவில் 'கன் ஷோ' என்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் 'துப்பாக்கிக் கண்காட்சி' என்று போட்டுவிட்டு மேலே போய்விடுகிறார்கள். தமிழ் எம்.ஏ. படித்த பழக்கதோஷம், எனக்கு அந்தச் சொல்லைத் தாண்டவே முடியவில்லை. கண்காட்சி என்றால் பார்த்துவிட்டு வருவது. அங்கே நடப்பது விற்பனை. ஊர்ப் பொருட்காட்சி மைதானத்திலோ முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்திலோ சனி, ஞாயிறு இரண்டு நாளும் வரிசையாக மேசை போட்டிருக்கும். மேசைக்கு வாடகை கொடுத்தவர்கள் துப்பாக்கி, தோட்டா, கத்தி, பழைய ராணுவ உடுப்பு எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். பார்க்க வருகிறவரும் காசு கொடுத்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். அப்படி வந்தவரே தன் பழைய துப்பாக்கியைத் தோளில் மாட்டி, குழாய் முனையில் விலைச்சீட்டைச் செருகிக்கொண்டு வலம் வருவதும் உண்டு. வாங்குகிறவர் யார், விற்கிறவர் யார் என்கிற கோடு அங்கே அழிந்துபோகிறது. ஆகவே இதைச் சந்தை என்றே சொல்கிறேன். 'ஷோ' என்கிற சொல், விற்பனையைக் காட்சிக்குப் பின்னால் மறைத்து வைக்கிற சொல்.

இந்தச் சந்தைகளுக்கு இருந்த ஈர்ப்பு மங்கிக்கொண்டு வருகிறது. வாங்க வருகிறவருக்கு, விலை ஒண்ணும் மலிவாக இல்லை, கடையில் கிடைக்காதது எதுவும் இங்கே கிடைப்பதில்லை என்கிற குறை. விற்கிறவருக்கு, மேசை வாடகைகூட மிஞ்சவில்லை, கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போகிறவர்களே அதிகம் என்கிற குறை. துப்பாக்கிக்கு எதிராக இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இதைக் கேட்டால் ஒரு நிம்மதி தோன்றும். அது அவசரப்பட்ட நிம்மதி. சந்தை ஏன் தோன்றியது, ஏன் வாடுகிறது என்று வரலாற்றில் வைத்துப் பார்த்தால் வேறு ஒரு கதை கிடைக்கிறது.

2

இந்தச் சந்தையை ஏதோ எல்லைப்புறக் குடியேற்றக் காலத்திலிருந்து தொடர்ந்து வரும் மரபு என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வார்கள். அது புனைவு. பழந்துப்பாக்கி சேகரிப்பவர்கள் கூடிப் பண்டமாற்றுச் செய்யும் வழக்கம் முன்பே இருந்தது உண்மைதான். ஆனால் நாம் இன்று அறிகிற சந்தையை உருவாக்கியதில் பெரும்பங்கு சட்டத்துக்கு உண்டு.

1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்ட் ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, பொய்ப் பெயரில், சிகாகோ கடை ஒன்றிலிருந்து தபாலில் ஒரு துப்பாக்கி வரவழைத்தார். இத்தாலிய ராணுவம் கழித்துக்கட்டிய சரக்கு. தொலைநோக்கி பொருத்தி விலை 19.95 டாலர், தபால் செலவு 1.50. அதே ஆண்டு நவம்பர் 22-இல் கென்னடி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் சட்டம் வர ஐந்தாண்டு ஆயிற்று. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகே, அக்டோபரில் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலம் விட்டு மாநிலம் தனியாருக்குத் தபாலில் துப்பாக்கி அனுப்புவது நின்றது. உரிமம் பெற்ற வணிகர் தன் கடையில் வைத்தே விற்க வேண்டும் என்றாயிற்று. அந்நிய ராணுவங்களின் கழிவுச் சரக்கு இறக்குமதியும் அடைபட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றமாகிற 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வாழும் நமக்கு இது சட்டென்று விளங்காது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் உரிமம் கேட்பது விற்பதைத் தொழிலாகக் கொண்டவரிடம்தான், வைத்திருப்பவரிடம் இல்லை. தன் சொந்தத் துப்பாக்கியை எப்போதாவது ஒருமுறை விற்கிறவர் வணிகர் அல்ல. இந்த 'எப்போதாவது' என்கிற ஒற்றைச் சொல்லின் மேல்தான் பிறகு ஒரு சந்தையே எழுந்து நின்றது.

1984-இல் பழம்பொருள் என்கிற பெயரில் ராணுவக் கழிவுச் சரக்கு மறுபடி இறக்குமதியானது. 1986-இல் ரீகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உடைமையாளர் பாதுகாப்புச் சட்டம், உரிம வணிகர்கள் தங்கள் மாநிலத்துக்குள் நடக்கும் சந்தைகளில் விற்கலாம் என்றது. பிழைப்புக்காகவும் லாபத்துக்காகவும் தொடர்ந்து விற்பவரே வணிகர், பொழுதுபோக்காக விற்பவர் வணிகர் அல்ல என்று 'எப்போதாவது' என்பதன் எல்லையையும் தளர்த்தியது. கடைக்காரரும் பொழுதுபோக்குக்காரரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார வழி பிறந்தது. இப்போதைய சந்தையின் பிறப்புச் சான்றிதழ் இதுதான்.

3

1990-கள் அதன் உச்சம். சோவியத் ஒன்றியம் உடைந்து, கிழக்கு ஐரோப்பியக் கிடங்குகளிலிருந்து பழைய மோசின்-நாகன்ட் துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. பிறகு பல ஆண்டுகள் வரை அவை நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தன. ஒரு பேரரசின் வீழ்ச்சி இன்னொரு பேரரசின் உள்ளூர்க் கூடத்தில் மேசைச் சரக்காக அடுக்கிவைக்கப்பட்டிருந்தது. பண்டம் தன் வரலாற்றை மறைத்துக்கொள்ளும் என்று மார்க்ஸிடம் படித்திருக்கிறோம். இங்கே அது வரலாற்றையே விலைச்சீட்டாகக் கட்டிக்கொண்டு நின்றது.

1993-இல் பிராடி சட்டம் வந்தது. உரிம வணிகரிடம் வாங்குகிறவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்றாயிற்று. அதே காலத்தில் வணிகர் உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 10 டாலர் என்பதிலிருந்து மூன்றாண்டுக்கு 200 டாலராக உயர்ந்தது. புகைப்படமும் கைரேகையும் கேட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் சுமார் 2,80,000 இருந்த உரிமங்கள் 2000 வாக்கில் ஒரு லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கின. வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து வியாபாரம் பண்ணியவர்கள் பலர் உரிமத்தை விட்டார்கள். உரிமம் போனாலும் துப்பாக்கிகள் கையில் இருந்தனவே. தனியார் விற்பனையாளர் என்கிற பெயரில் சந்தை மேசை காத்திருந்தது.

மது, புகையிலை, துப்பாக்கித் துறை 1999 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, 1998-இல் மட்டும் 4,442 சந்தைகள் விளம்பரமானதாகக் கணக்கிட்டது. மேசை போட்டவர்களில் கால்வாசியிலிருந்து பாதிவரை உரிமமற்றவர்கள் என்றது. ஓக்லஹோமாவின் டல்சா நகரில் நடக்கும் சந்தை 4,200 மேசைகள் என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொள்கிறது.

துப்பாக்கி மட்டுமா அங்கே கைமாறியது? 1995-இல் ஓக்லஹோமா நகரக் கூட்டரசுக் கட்டடத்தைக் குண்டுவைத்துத் தகர்த்து 168 பேரைக் கொன்ற திமோதி மெக்வெய், அதற்கு முன் சந்தை சந்தையாகத் திரிந்தவர். வெள்ளை இனவெறி நாவலான 'தி டர்னர் டைரீஸ்' அவருடைய மேசைச் சரக்குகளில் ஒன்று. ஜோன் பர்பிக் 2006-இல் வெளியிட்ட 'கன் ஷோ நேஷன்' நூலில், துப்பாக்கியை முன்வைத்து ஒரு அரசியல் எப்படிக் கட்டப்பட்டது என்பதை இந்தச் சந்தைகளுக்குள் நடந்தே எழுதினார். பெரும்பாலும் வெள்ளை ஆண்கள் கூடிய ஒரு பொதுவெளி அது. அரசுக்கு எதிரான சொல்லாடல் தேநீர்க்கடைப் பேச்சு மாதிரி அங்கே சாதாரணமாகப் புழங்கியது. நம் சிறுபத்திரிகைகளும் கூட்டங்களும் வளர்ந்த விதத்தை யோசித்தால் ஒரு விஷயம் உறைக்கும்: முகம்பார்த்துப் பேசுகிற சிறு வெளி என்றாலே அது ஜனநாயகமானது என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதற்கு உத்தரவாதம் ஒண்ணும் இல்லை.

4

1999 ஏப்ரல் 20-இல் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் பதின்மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் பயன்படுத்திய நான்கு துப்பாக்கிகளும் ஒரு சந்தையின் வழியே வந்தவை. மூன்றை, வயது வந்த தோழி ஒருத்தி உரிமமற்ற விற்பனையாளர்களிடம் வாங்கிக் கொடுத்திருந்தாள். பின்னணிச் சோதனை கட்டாயம் என்று சட்டம் இருந்திருந்தால் உதவியிருக்க மாட்டேன் என்று பிறகு அவளே சொன்னாள்.

'கன் ஷோ லூப்ஹோல்' என்கிற தொடர் வீட்டுக்கு வீடு தெரிந்த பேச்சானது இதன் பிறகுதான். லூப்ஹோல் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பொருள், கோட்டைச் சுவரில் உள்ளிருந்து அம்பும் தோட்டாவும் விடுவதற்காக வைத்த சந்து. தப்பிக்கும் ஓட்டை என்கிற பொருளெல்லாம் பிறகு வந்தது. சொல் தற்செயலாகப் பொருந்திவிட்டது. ஆனால் 'கன் ஷோ' என்கிற அடைமொழிதான் தவறான இடத்தைச் சுட்டியது. ஓட்டை சந்தையில் இல்லை. தனியார் விற்பனை என்கிற சட்ட வகைமையில் இருந்தது. சந்தைக்குள் உரிம வணிகர் விற்றாலும் சோதனை உண்டு. சந்தைக்கு வெளியே, வாகன நிறுத்துமிடத்தில், இரண்டு தனியார் கைமாற்றினால் சோதனை இல்லை.

எண்களும் இதையே சொல்கின்றன. 1994-இல் நடந்த தேசிய அளவிலான ஆய்வு, துப்பாக்கி கைக்கு வந்த வழிகளில் சந்தையின் பங்கு சுமார் 4 சதவீதம் என்றது. குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்த கைதிகளிடம் 2016-இல் கேட்டு நீதித்துறைப் புள்ளியியல் பிரிவு 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், சந்தையில் வாங்கியதாகச் சொன்னவர்கள் 0.8 சதவீதம். தெருவிலும் கள்ளச் சந்தையிலும் பெற்றவர்கள் சுமார் 43 சதவீதம். கண்ணுக்குத் தெரிகிற இடத்தையே எதிரியின் முகவரியாக எடுத்துக்கொள்வது இயக்கங்களுக்கு வசதியானது. மறியல் பண்ண ஒரு வாசல் வேண்டுமில்லையா?

5

சரி, சந்தை ஏன் வாடுகிறது? சட்டத்துக்கும் பங்குண்டு. கலிபோர்னியா 1991 முதலே தனியார் விற்பனையையும் உரிம வணிகர் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்றாக்கியது. கொலராடோவிலும் ஓரிகனிலும் 2000-இல் மக்களே வாக்களித்துச் சந்தை விற்பனைக்குச் சோதனை கொண்டுவந்தார்கள். கலிபோர்னியா 2022-இல் மாநில அரசின் நிலங்களில் துப்பாக்கி விற்பனைக்கே தடை விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் அதை ஏற்றது. 2022-இன் கூட்டரசுச் சட்டம், வணிகர் யார் என்கிற வரையறையிலிருந்த 'பிழைப்பு' என்கிற சொல்லை எடுத்துவிட்டு லாப நோக்கத்தை மட்டும் வைத்தது. 'எப்போதாவது' என்பதன் எல்லை சுருங்கியது.

ஆனால் கட்டுப்பாடு இல்லாத மாநிலங்களிலும் சலிப்பு இருக்கிறதே. அதற்குக் காரணம் பண்டத்தின் நடமாட்டத்தில் இருக்கிறது. முதலாவது, மலிவுச் சரக்கு வற்றிவிட்டது. சீனத் துப்பாக்கி இறக்குமதி 1994-இல் தடைப்பட்டது. ரஷ்யச் சரக்கை 2014-க்குப் பிறகும் 2021-இலும் வந்த பொருளாதாரத் தடைகள் நெருக்கின. நூறு டாலருக்குள் கிடைத்த மோசின்-நாகன்ட் இன்று சில நூறு டாலர். இரண்டாவது, ரசனை மாறிவிட்டது. 1964-க்கு முந்தைய வின்செஸ்டரை அதன் மரவேலைக்காகத் தடவிப் பார்க்கிற தலைமுறை முதுமையடைகிறது. இளைஞருக்கு வேண்டியது ஏஆர்-15. ஒரே அச்சில் வார்த்த பண்டம். எந்தக் கடையிலும் அதே உருப்படிதான். எல்லா மேசையிலும் ஒரே சரக்கு இருக்கும்போது மேசை மேசையாக அலைவதில் என்ன சுவை? இடைவெளியை உலர்ந்த மாட்டிறைச்சித் துண்டும் பாசிமணியும் பனியனும் நிரப்புகின்றன.

மூன்றாவதுதான் முக்கியம்: கணினித் திரை. 1999-இல் கன்புரோக்கர் ஏலத்தளம் தொடங்கியது. விற்பவர் துப்பாக்கியை வாங்குபவரின் ஊரிலுள்ள உரிம வணிகருக்கு அனுப்புவார்; அவர் சோதனை செய்து, கூலி வாங்கிக்கொண்டு கொடுப்பார். 2007-இல் தொடங்கிய ஆர்ம்ஸ்லிஸ்ட் வெறும் வரிவிளம்பரப் பலகை. தனியார் இருவர் எங்காவது சந்தித்துக் கைமாற்றிக்கொள்ளலாம். சந்தையின் ஆதாரம் விலைத் தெரியாமை. ஒரு பொருளின் விலை இன்னதென்று வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒரே அளவு தெரியாமலிருந்தால்தான் பேரத்துக்கு இடம். நாடு முழுக்க என்ன விலைக்குப் போகிறது என்பதைக் கையில் செல்பேசியோடு மேசை முன் நிற்கிறவர் அந்த நிமிடமே பார்த்துவிடுகிறார். வித்தை செத்துப்போனது.

சந்தை ஒரேயடியாகச் சுருண்டுவிடவில்லை. பயம் வந்தால் கூட்டமும் வரும். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு தடைச்சட்டம் வரப்போகிறது என்று பீதி பரவி, 2013-இல் தோட்டா கிடைக்காமல் போனபோது, சந்தை வாசல்களில் வரிசை நீண்டது. பல மடங்கு விலைக்குத் தோட்டா விற்றது. ஆக, ரசனைக்காக வந்த கூட்டம் குறைந்து பீதிக்காக வருகிற கூட்டம் எஞ்சுகிறது.

6

இனி அந்த நிம்மதிக்கு வருவோம். கூட்டரசின் உடனடிப் பின்னணிச் சோதனை முறை தொடங்கிய பின் வந்த முதல் முழு ஆண்டான 1999-இல் நடந்த சோதனைகள் 91 லட்சம். கொரோனாவால் சந்தைகள் ஊர் ஊராக ரத்தான 2020-இல் 3 கோடியே 96 லட்சத்துக்கும் மேல். சோதனை எண்ணிக்கையும் விற்பனை எண்ணிக்கையும் ஒன்றல்ல. உரிமப் புதுப்பிப்புகளும் இதில் சேரும். இருந்தாலும் போக்கு தெளிவு. மேசைகள் மடக்கிவைக்கப்பட்ட ஆண்டில்தான் விற்பனை உச்சத்தைத் தொட்டது. அமெரிக்கப் பொதுமக்கள் கையில் 2017 வாக்கில் 39.3 கோடி துப்பாக்கிகள் என்பது 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' மதிப்பீடு. மக்கள்தொகையைவிட அதிகம்.

தபாலில் தொடங்கிய கதை இது. 1968 தபாலை அடைத்தது. சரக்கு சந்தைக்குப் போனது. இப்போது சந்தை தேவைப்படாமல் சரக்கு மறுபடி பார்சலில் ஏறியிருக்கிறது. வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் உதிரிபாகப் பெட்டியாக, வரிசை எண்கூட இல்லாமல் அது வந்திறங்கியது. அதையும் துப்பாக்கி என்றே கருத வேண்டும் என்கிற 2022-ஆம் ஆண்டு விதியை உச்ச நீதிமன்றம் ஏற்க 2025 மார்ச் ஆயிற்று. சட்டம் இடத்தைத் துரத்துகிறது. பண்டம் இடத்தை மாற்றிக்கொள்கிறது.

சந்தை வாடுவதற்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. அங்கே புழங்கிய வெறுப்பைச் சமூக உறவு என்று அழகுபடுத்தவும் தயாரில்லை. ஆனால் சந்தையில் ஒரு வாசல் இருந்தது. அதற்கு முன் நின்று கேள்வி கேட்கலாம், துண்டறிக்கை கொடுக்கலாம், நிலம் கொடுத்த ஊராட்சியைப் பொறுப்பாளியாக்கலாம். திரைக்கு வாசல் கிடையாது. இனி எழ வேண்டிய கேள்வி, எங்கே விற்கிறார்கள் என்பதல்ல. கைமாறும் ஒவ்வொரு தடவையும் யார் பெயரில் அது பதிவாகிறது என்பது. அந்தப் பதிவேட்டைக் கூட்டரசு வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடுத்ததும் அதே 1986 சட்டம்தான். அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. பேச வேண்டியது அதைத்தான்.