இரண்டு லிட்டரா, மூன்று லிட்டரா?

1980ஆம் ஆண்டு. நீங்கள் மேற்கு ஜெர்மனியில் வாழும் ஒரு குடும்பத் தலைவர் என்று வைத்துக்கொள்வோம். பழைய கார் வாங்கப் போகிறீர்கள். எதிரே இரண்டு மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் கார்கள். இரண்டும் 1976இல் வெளிவந்த வகை, கூடும் ஒன்றே. ஒன்றின் முதுகில் 200டி என்றும், மற்றதில் 300டி என்றும் பொறித்திருக்கிறது. முதலாவது 1,988 கன செ.மீ., 55 குதிரைத்திறன். இரண்டாவது 3,005 கன செ.மீ., 80 குதிரைத்திறன். எதை வாங்குவீர்கள்?

வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் லிட்டருக்குச் சுமார் 27 குதிரைத்திறன்தான்! இது தற்செயலன்று. டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் முதலில் காற்று மட்டுமே நுழைகிறது. அது அமுக்கப்பட்டுச் சூடேறிய பின்னரே எரிபொருள் பீய்ச்சப்படுகிறது. உள்ளிருக்கும் காற்றுக்கு ஏற்ற அளவே எரியும். மிகையாகச் செலுத்தினால் கரும்புகைதான். பெட்ரோல் எஞ்சின்போல விரைந்து சுழற்றவும் இயலாது. எரிபொருள் காற்றுடன் கலக்க நேரம் வேண்டுமே! ஆகவே திறன் கூட வேண்டுமானால் கொள்ளளவு கூட வேண்டும். 300டியில் ஐந்து சிலிண்டர்கள் இருப்பது அதனால்தான். 1936இல் வெளிவந்த 260டி, லிட்டருக்குச் சுமார் 18 குதிரைத்திறன் தந்தது. நாற்பது ஆண்டுகளில் ஏற்றம் அவ்வளவே.

இனிச் சாலைக்கு வருவோம். ஆட்களும் மூட்டைகளுமாக 1,800 கிலோகிராம் எடையுள்ள இத்தகைய கார், சமதளத்தில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓட ஏறத்தாழ 25 குதிரைத்திறன் போதும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் மேட்டில் அதே வேகத்தைக் காக்க மேலும் 33 தேவை. ஆக மொத்தம் 58. அங்கே 200டி தளர்ந்துவிடும். நின்ற நிலையிலிருந்து அவ்வேகத்தை எட்ட அதற்குச் சுமார் 31 விநாடி, 300டிக்கு 20. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு லாரியை முந்தும்போது இந்த வேற்றுமையின் பொருள் விளங்கும்.

ஆனால் வரி? அந்நாட்டில் அப்போது ஒவ்வொரு 100 கன செ.மீ.க்கும் ஆண்டுக்கு 14.40 மார்க். மீதி ஐந்தே ஆனாலும் முழு நூறாகவே கணக்கு. 200டிக்கு 288 மார்க்; 300டிக்கு 446.40. 1979இல் 3,005 என்பது 2,998 ஆகச் சுருங்கியது. ஒரு படி வரி மிச்சம்!

வாங்குமுன், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். தீப்பொறி இல்லாத எஞ்சின் இது. அமுக்க வெப்பமே பற்றவைக்கிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து காற்று கசிந்தால், குளிரில் எளிதில் கிளம்பாது. விற்பவர் முன்னதாகவே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் ஐயப்படுங்கள். கிளம்பத் தயங்கும் 300ஐவிடச் சட்டெனக் கிளம்பும் 200 மேல் என்பேன். இரண்டும் நலமாயிருந்தால், மேடு பள்ளமான ஊர்களுக்குப் பயணம் செய்யும் குடும்பத்துக்கு 300தான்.

இந்த லிட்டர் கணக்கு நெடுநாள் நீடிக்கவில்லை. 1978இலேயே அமெரிக்காவுக்கென வந்த 300எஸ்டியில், வெளியேறும் புகையால் சுழலும் டர்போ கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் திணித்தது. அதே மூன்று லிட்டரில் 110 குதிரைத்திறன்! 1989இல் ஆடி 100 கார், இரண்டரை லிட்டரிலேயே 120 தந்தது.